நாயை போர்டிங்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாய், பூனைகளுக்கான ஒரு மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் வேலை செய்கிறேன். ஏப்ரலில் பள்ளித் தேர்வுகள் முடியும்போதும், தீபாவளி நெருங்கும்போதும் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி நோயைப் பற்றியதாக இருக்காது. "ஊருக்குப் போகிறோம், நாயை எங்கே விடுவது?" என்பதுதான் கேள்வியாக இருக்கும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் எங்கள் டாக்டர்கள் சொல்வதும் இருக்கிறது, போர்டிங் முடிந்து நேராக எங்களிடம் வரும் நாய்களைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதும் இருக்கிறது. எந்த விடுதியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இன்று நன்றாக நடக்கும் இடம், நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்த மாதமே வேறு இடமாகிவிடும்.

போர்டிங், கென்னல், ஹோம் போர்டிங், பெட் ஹாஸ்டல் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, திருப்போரூர், பூந்தமல்லிப் பக்கங்களில் தோட்டத்தோடு கூடிய விடுதிகள் இருக்கின்றன. அங்கே வரிசையாக அறைகளும் ஓடியாட இடமும் இருக்கும். ஊருக்குள் சிலர் தங்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சில மருத்துவமனைகளில் கூண்டுகள் உண்டு. உங்கள் வீட்டுக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

மற்ற நாய்களோடு ஓடி விளையாடும் லாப்ரடாருக்குத் தோட்டம் பொருந்தும். புது ஆளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய்க்கு ஒரு வீடு பொருந்தும், அல்லது அதன் சொந்த வீடே பொருந்தும். மருத்துவமனைக் கூண்டை, தினமும் ஊசியோ சிகிச்சையோ தேவைப்படும் நாய்க்கு மட்டும்தான் நான் பரிந்துரைப்பேன். பக்கத்துக் கூண்டில் நோயுற்ற நாய் இருக்கும், நடைக்கு அழைத்துப் போக ஆள் குறைவு. ஆரோக்கியமான நாயைப் பத்து நாள் அங்கே அடைத்துவைப்பது சரியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வேளாவேளைக்குச் சோறு வைப்பதாகச் சொல்கிறார். வீட்டிலேயே விட்டுப் போகலாமா?

வளர்ந்த நாய், ஒரே ஓர் இரவு, அவர் மூன்று நான்கு முறை வந்து வெளியே அழைத்துப் போவார் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். சோறு வைப்பது எளிது. அது சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா, மூத்திரம் போனதா என்று கவனிப்பதுதான் வேலை. மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிவிட்டுப் போவதை யோசிக்கவே யோசிக்காதீர்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11 குட்டையான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பதையும் குற்றமாகச் சொல்கிறது.

கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன?

போகிற வீட்டில் நாயை வரவேற்பார்கள் என்றால் அதுவே நல்லது. ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் முழு கூப்பேயோ (இருவருக்கான தனி அறை) கேபினோ (நால்வருக்கானது) உங்கள் பெயரில் இருந்தால்தான் உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டுக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். மேளச் சத்தத்தில் மிரண்டு மண்டபத்தை விட்டு ஓடிய நாய்களைத் தேடி எங்களுக்கு அழைப்புகள் வந்திருக்கின்றன.

எத்தனை நாளுக்கு முன்னால் இடம் தேட ஆரம்பிக்க வேண்டும்?

மே மாதம், தீபாவளி, பொங்கல் என்றால் இரண்டு மாதம். மற்ற நாட்களில் ஒரு மாதம் போதும். முன்பதிவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இடத்தை நேரில் பார்க்க ஒரு நாள் வேண்டும், தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டு அது வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும், சோதனையாக ஓர் இரவு விட்டுப் பார்க்க ஒரு வார இறுதி வேண்டும். இந்தச் சோதனை இரவைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் உள்ளூரில் இருக்கும்போதே நாய் சாப்பிட மறுத்தால் போய் அழைத்துவந்துவிடலாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

என்னென்ன தடுப்பூசி கட்டாயம்? வருடா வருடம் போடுகிறோம், அது போதாதா?

ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சியின் நாய் உரிமத்துக்கும் ரேபிஸ் சான்று கேட்பார்கள் என்பதால், ஊசிகளைப் பதிந்திருக்கும் தடுப்பூசிப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வருடாந்தர ஊசியோடு பெரும்பாலோர் விட்டுவிடுவது கென்னல் காஃப் மருந்து. பல நாய்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் பரவும் வறட்டு இருமல் அது. மூக்கில் சொட்டுவிடும் மருந்து இருக்கிறது. போர்டிங்குக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள்.

குட்டி என்றால் ஒரு கண்டிப்பு. 16 வாரம் தாண்டாத, கடைசித் தவணை ஊசி முடியாத குட்டியை எந்த விடுதியிலும் விடாதீர்கள். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் அதைக் கொல்லாது, நீர்த்த பிளீச் கரைசல்தான் வேண்டும். உங்களிடம் தடுப்பூசிப் புத்தகமே கேட்காமல் "கொண்டுவந்து விடுங்கள்" என்று சொல்லும் விடுதி, பக்கத்து அறை நாயிடமும் அதைக் கேட்டிருக்காது. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போகிறோம். எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. எல்லாம் சுத்தமாகத்தான் தெரிகிறது.

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், நாய் படுக்கும் அறையைப் பாருங்கள். "நாய்கள் கலவரப்படும், உள்ளே விடமாட்டோம்" என்று சொல்வார்கள். அது ஓரளவு நியாயம்தான். அப்படியென்றால் நாய்கள் வெளியே விளையாடும் நேரத்தில் வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேண்டாம்.

உள்ளே போனதும் குனிந்து தண்ணீர்ச் சட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பாசி வழுக்கினால் அந்தச் சட்டியைக் கழுவிப் பல நாள் ஆகிவிட்டது என்று பொருள். தரையில் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, படுக்க உயரமான பலகையோ கட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரச் சிமென்ட்டில் பத்து நாள் படுத்த நாய் தோல் வியாதியோடும் முழங்கைப் புண்ணோடும் வரும். சுவர் மூலைகளையும் கதவுச் சட்டத்தின் இடுக்குகளையும் பாருங்கள். உண்ணிகள் நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் விரிசல்களில் ஏறி முட்டையிடும். வெளிவாசலுக்கும் நாய்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும், ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் வாசல் திறக்கும் அந்த ஒரு நொடியில்தான்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒன்று உண்டு. பார்த்துக்கொள்பவர் அறைகளைக் கடந்து நடக்கும்போது உள்ளே இருக்கும் நாய்கள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். வாலாட்டிக்கொண்டு கம்பியருகே வருகின்றனவா, மூலைக்கு ஒதுங்குகின்றனவா? பிறகு அவரிடமே, முதலாளியிடம் அல்ல, "இந்த நாயின் பெயர் என்ன? அது என்ன சாப்பிடும்?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் அவருக்கு ஒவ்வொரு நாயின் பெயரும், எது சோற்றில் காரட்டை ஒதுக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

இரவில் ஆள் இருப்பார்களா என்று கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வார்களோ?

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள். பகலில் எல்லா விடுதியும் நன்றாகத்தான் இருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு, காலை ஏழு மணிக்குத் திறக்கும் இடங்கள் இருக்கின்றன. வாசலில் காவலாளி இருப்பார், ஆனால் அவருக்கு நாய் அறைச் சாவி இருக்காது.

ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு புடைக்கும், வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் நாய் இறந்துவிடும். இரவு பதினொன்றுக்குத் தொடங்குவதைக் காலை ஏழுக்குக் கண்டால் பயனில்லை. ஆகவே விவரமாகக் கேளுங்கள்: யார் அங்கேயே படுக்கிறார், நாய் குரைத்தால் அவர் காதில் விழுமா, நள்ளிரவில் வண்டி இருக்கிறதா, எந்த மருத்துவமனைக்குப் போவார்கள்? "அப்படியெல்லாம் எதுவும் நடக்காது, சார்" என்பது பதில் அல்ல. மருத்துவமனையின் பெயரும் போகும் வழியும் அவர்கள் வாயிலிருந்து யோசிக்காமல் வர வேண்டும். வெளியூர் என்றால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளைப் போன்ற பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்பார்கள்? ஓரிடத்தில் பாதி விலை சொல்கிறார்களே?

எடை, அறையின் அளவு, ஏ.சி., சாப்பாடு, மருந்து கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் என்பதை இரவுக் கணக்கில் எண்ணுகிறார்களா, 24 மணி நேரக் கணக்கிலா, உங்கள் ரயில் தாமதமானால் என்ன என்றும் கேளுங்கள். பாதி விலை என்றால் ஆளைக் குறைத்துத்தான் கட்டுப்படியாகும். ஒருவர் எத்தனை நாய்களைப் பார்க்கிறார் என்று கேட்டால் விலையின் காரணம் விளங்கிவிடும்.

எங்கள் நாய் தயிர்சாதமும் வேகவைத்த கோழியும்தான் சாப்பிடும். அங்கே உலர் தீவனம் மட்டும்தானாம்.

ஒரே நாளில் உணவை மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிய பதற்றத்திலேயே சில நாய்களுக்கு முதல் இரண்டு நாள் வயிறு கெடும், உணவும் மாறினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர்கள் கொடுக்கும் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். வீட்டுச் சாப்பாடு சமைத்துத் தரும் இடங்களும் இருக்கின்றன. அங்கே வெங்காயம் சேர்க்க வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுங்கள், நாய்க்கு அது நஞ்சு.

என்னென்ன கொடுத்தனுப்ப வேண்டும்?

துவைக்காத பழைய போர்வை ஒன்று. உங்கள் வாசனை அதில் இருக்கும். விலை உயர்ந்த படுக்கையும் பொம்மையும் வேண்டாம், பொம்மைக்காக நாய்கள் சண்டை போடும். தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், மருந்து, உங்கள் டாக்டரின் எண், உள்ளூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். விடுதிகளில் பார்த்துக்கொள்பவர்கள் பலர் வடமாநிலத்து இளைஞர்கள். உங்கள் நாய்க்கு "உட்கார்", "வேண்டாம்", "சாப்பிடு" என்ற சொற்கள்தான் தெரியும் என்றால், அவற்றை அவருக்குச் சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள்.

எங்களுடையது சிப்பிப்பாறை. "நாட்டு இனம், கையாள முடியாது" என்று இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள்.

கோபம் வரும்தான். ஆனால் மறுப்பவர் நேர்மையாக நடந்துகொள்கிறார். முயல் வேட்டைக்கு வளர்ந்த இனம் அது. சிப்பிப்பாறையும், கன்னி என்ற இன்னொரு நாட்டு இனமும் நின்ற இடத்திலிருந்தே சுவரைத் தாண்டும், ஒரு பூனையைக் கண்டால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது. மேலே மூடிய அறையும் ஆறடிக்குக் குறையாத வேலியும் உள்ள இடம் வேண்டும். குறுகிய தலை என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும். அகலப் பட்டையும் மார்புப் பட்டையும் இரண்டுமே போட்டுக் கொடுங்கள். ராஜபாளையம், கோம்பை என்றால் வேலியைவிட ஆள்தான் முக்கியம். காவல் புத்தியுள்ள நாய்கள் அவை. சோதனை இரவுக்கு முன்பே இரண்டு மூன்று முறை அழைத்துப் போய், பார்த்துக்கொள்பவர் கையால் சாப்பிடப் பழக்குங்கள்.

மே மாதம் பக் நாயை விடலாமா? ஏ.சி. அறை இருக்கிறதாம்.

நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முக இனங்களுக்கு அந்த வழியே குறுகல். சென்னையின் புழுக்கம் சேர்ந்தால் அதுவும் அடைபடும். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது.

ஏ.சி. இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது எத்தனை மணிக்கு ஓடும்? பல இடங்களில் இரவில் மட்டும்தான். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறதா? கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸா? மதியம் இரண்டு மணிக்குப் போய் அந்த அறையில் ஐந்து நிமிடம் நீங்களே நின்று பாருங்கள். கத்திரி வெயில் நாட்களில் பக் நாயை ஊருக்குள் ஒரு வீட்டில் விடுவதையே நான் விரும்புவேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய். போர்டிங்கில் தூக்க மருந்து கொடுத்துவிடுவார்களாமே?

உங்கள் அனுமதி இல்லாமல், டாக்டர் எழுதாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். மயக்கம் தரும் சில மருந்துகள் உடலை அசையவிடாமல் செய்யும், பயத்தைக் குறைக்காது. வெளியே அமைதியாகத் தெரியும் நாய் உள்ளே அதே பயத்தோடு கிடக்கும். பயத்தையே தணிக்கும் மருந்துகள் உண்டு. அவற்றை டாக்டரிடம் கேட்டு, பண்டிகைக்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இடம் குடியிருப்புகளை விட்டுத் தள்ளி இருந்தால் நல்லது. அந்த மூன்று நாளும் நாயை இருட்டுவதற்கு முன் வெளியே விட்டு அழைத்துவந்துவிட வேண்டும். நாய் நடுங்குவதைப் பார்த்தே இராத ஒருவரிடம் முதன்முறையாகத் தீபாவளியன்று விடுவது பெரிய தண்டனை. முடிந்தால் அந்த ஆண்டு ஒருவர் வீட்டில் தங்குங்கள்.

நவம்பர், டிசம்பரில் மழை. வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பரில் முடிச்சூரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையும் மூழ்கியதைப் பார்த்த ஊர் இது. தாழ்வான இடத்தில், தரைத்தளத்தில் மட்டும் அறைகள் இருந்தால் வேண்டாம். தண்ணீர் ஏறினால் நாய்கள் எந்த மாடிக்குப் போகும், பூட்டிய அறைகளின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும், மனிதரையும் தாக்கும். மேலே சொன்ன கூட்டு ஊசி மழைக்காலத்தில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

வயதான நாய், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறது. எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். நம்பலாமா?

வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பும். இரண்டு வேளை தவறுவதே ஆபத்து. வேளைக்கு ஒரு சிறு உறையாகப் பிரித்து, தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்கள். மிச்சம் இருக்கும் உறைகளை எண்ணினால் எத்தனை வேளை கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். இன்சுலின் போடும் நாய் என்றால், ஊசி போடத் தெரிந்தவர் யார் என்று கேட்டு, அவர் உங்கள் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். முடியாது என்றால் முதல் பதிலில் சொன்ன மருத்துவமனைக் கூண்டுதான் வழி.

தினமும் வீடியோ அனுப்புகிறார்கள். பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. போதாதா?

பந்தை எறிந்து எடுத்த பத்து நொடி வீடியோவில் எதுவும் தெரியாது. சாப்பிட்டு முடித்த தட்டையும், நாய் படுத்திருக்கும் அறையையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவில் விலா எலும்பு தெரிகிறதா, காதைத் தாழ்த்தி வாலை ஒடுக்கி நிற்கிறதா, ஒரே காலைத் தூக்கி நடக்கிறதா என்று பாருங்கள். அதே சமயம், ஒரு நாளில் பத்து முறை அழைக்காதீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லும் நேரம் உங்கள் நாயிடமிருந்து எடுத்த நேரம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது கொடுத்திருப்பார்களோ?

பெரும்பாலும் வெறும் களைப்பு. சுற்றிலும் குரைப்பு இருக்கும் இடத்தில் நாய் ஆழ்ந்து தூங்காது. ஒன்றிரண்டு நாளில் சரியாகும். அதற்கு மேல் போனாலோ, சாப்பிடாவிட்டாலோ, இருமினாலோ அழைத்துவாருங்கள்.

வந்த அன்றே காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல், உண்ணி கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில்தான் தெரியவரும். "போர்டிங் முடிந்து பதினைந்து நாள் ஆகிவிட்டதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் அதிகம். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வீட்டில் குட்டி ஒன்று இருந்தால், வந்த நாயை இரண்டு வாரம் அதோடு சேர்க்காமல் வையுங்கள்.

"எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் கேட்க முடியாதா?

கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் பொருளைப் பாதுகாக்க ஏற்பவர், தன் சொந்தப் பொருளைப் போல நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 151. சட்டத்தின் கண்ணில் நாயும் உடைமைதான். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

ஆனால் ஆதாரம் வேண்டும். விடும் அன்று எடையைப் பார்த்து, நாயை எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள். திரும்ப எடுக்கும்போதும் அங்கேயே அப்படிச் செய்யுங்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டாக்டரின் அறிக்கை எதையும் அழிக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் போன்றவற்றில் எங்கே தொற்றியது என்று நிரூபிப்பது கடினம். காயம், எடை இழப்பு, காணாமல் போனது ஆகியவற்றில் வழி உண்டு.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது "நாய் ஓடிவிட்டது" என்று போன் வந்தால் என்ன செய்வது?

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன உள்ளூர் உறவினரை உடனே அங்கே அனுப்புங்கள், உங்கள் போர்வையோடு. ஓடிய இடத்திலேயே போர்வையும் சாப்பாடும் வைத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். பயந்த நாயைக் கூட்டமாகத் துரத்தினால் சாலைக்குத்தான் ஓடும். டீக்கடை, இஸ்திரிக் கடை, குப்பை வண்டி ஓட்டுநர்களிடம் படத்தைக் கொடுங்கள். மைக்ரோசிப் இருந்தால் அந்த 15 இலக்க எண்ணை அருகில் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்புங்கள். கழுத்துப்பட்டையில் உள்ளூர் கைபேசி எண் ஒன்று இருக்க வேண்டும், வெளிநாட்டில் அணைந்து கிடக்கும் உங்கள் எண் உதவாது.

எங்கள் நாய் ஒருமுறை ஒருவரைக் கடித்திருக்கிறது. சொன்னால் சேர்க்கமாட்டார்கள். சொல்லாமல் விட்டால் என்ன?

சொல்லியே ஆக வேண்டும். தட்டை எடுக்கக் கை நீட்டும் அந்த இளைஞருக்கு உங்கள் நாய் சோற்றைக் காக்கும் என்று தெரிய வேண்டாமா? எந்தச் சூழலில் கடித்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்: சாப்பிடும்போதா, தூங்கும்போது தொட்டதாலா, கழுத்தைப் பிடித்ததாலா? விவரம் தெரிந்தால் அனுபவமுள்ளவர்கள் சமாளிப்பார்கள். தனி அறை, தனி நடை, ஒரே ஆள் என்று ஏற்பாடு செய்யும் இடங்கள் உண்டு, கட்டணம் கூடுதலாக இருக்கும். வாய்மூடி போட வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். யாரும் ஏற்கவில்லை என்றால், அது ஏற்கெனவே பழகிய ஒருவரை உங்கள் வீட்டில் தங்கவைப்பதே சரி.

அப்படியும் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் நாயின் ரேபிஸ் சான்றின் நகல் விடுதியில் இருந்தால், டாக்டர் முடிவெடுக்க அது உதவும்.